அமெரிக்காவிலிருந்து வந்த பட்டறைக் கருவிகளை 230 வோல்ட்டில் ஓட்டுவது

பல ஆண்டுகள் டெக்சாஸில் இருந்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பியிருக்கும் நீங்கள், அங்கே பயன்படுத்திய மரவேலைக் கருவிகளைக் கப்பலில் கொண்டுவந்திருப்பதாகவும், அவற்றில் 10 அங்குல மேசை ரம்பம், மேசை டிரில், மரத்தில் காடி வெட்டும் ரூட்டர், பேட்டரி டிரில்லின் சார்ஜர் ஆகியவை இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ரம்ப மோட்டாரின் நேம் பிளேட்டில் 115/230 வோல்ட், 16/8 ஆம்பியர், 1 எச்.பி., 3450 சுற்று, 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது; பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் போதுமா என்பது உங்கள் கேள்வி. போதாது. மோட்டாருக்குள் இணைப்பை மாற்ற வேண்டும், அதைவிட முக்கியமாகப் பிளக்கிற்கும் மோட்டாருக்கும் இடையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் புதிதாகச் சோதிக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் 60 ஹெர்ட்ஸ் என்ற அந்த ஒரு சொல் உங்களைத் தொந்தரவு செய்யும். மோட்டார் காயில் கட்டும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

முதலில் 115/230 என்பதன் பொருள். இத்தகைய சிங்கிள் பேஸ் மோட்டாரின் ஓடும் சுருள் இரண்டு சம பாதிகளாகக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாதியும் 115 வோல்ட்டுக்கானது. அமெரிக்க வீட்டுப் பிளக்கில் ஓடும்போது இரண்டு பாதிகளும் பக்க இணைப்பில் இருக்கும். 230 வோல்ட்டுக்கு அவற்றைத் தொடர் இணைப்பில் போட வேண்டும். இரண்டிலும் ஒவ்வொரு பாதிக்கும் கிடைப்பது அதே 115 வோல்ட்தான் என்பதால், 230-இல் போட்டால் மோட்டாருக்குப் பலம் கூடும் என்று பலர் நம்புவது தவறு. கூடுவது வேறு: ஒயரில் ஓடும் ஆம்பியர் பாதியாகிறது, அதனால் ஒயரில் வீணாகும் வெப்பம் கால் பங்காகிறது, நீண்ட ஒயரின் முனையில் ரம்பம் திணறுவது குறைகிறது. அமெரிக்கத் தச்சர்கள் தங்கள் ரம்பங்களை 240 வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்வதும் இதற்காகத்தான்.

டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் ஒயர்களில் டி1 முதல் டி5 வரையும் டி8 என்றும் எண்கள் இருக்கும். டி1, டி2 ஒரு பாதி. டி3, டி4 மறு பாதி. டி5, டி8 ஸ்டார்டிங் சுருள். வழக்கமான அமைப்பில், 115 வோல்ட்டுக்கு டி1, டி3, டி8 மூன்றும் ஒரு லைனிலும், டி2, டி4, டி5 மூன்றும் மறு லைனிலும் சேர்ந்திருக்கும். 230 வோல்ட்டுக்கு டி1 ஒரு லைனுக்கும், டி4, டி5 மறு லைனுக்கும் போக, டி2, டி3, டி8 மூன்றையும் தமக்குள் முறுக்கி, எந்த லைனிலும் சேர்க்காமல் மூடிவிட வேண்டும். கவனித்துப் பார்த்தால் இந்த இணைப்பில் ஸ்டார்டிங் சுருள் ஒரு பாதியின் குறுக்கே மட்டும் நிற்பது தெரியும். அதாவது அதற்கும் அதன் கெப்பாசிட்டருக்கும் இன்னும் 115 வோல்ட்தான். இதை அறியாமல் ஸ்டார்டிங் சுருளை நேரே 230-இன் குறுக்கே போட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கெப்பாசிட்டர் வெடிக்கும், இல்லையேல் சுருள் கருகும். சுழலும் திசையை மாற்ற வேண்டுமானால் டி5, டி8 இரண்டையும் இடம் மாற்றினால் போதும். சில மோட்டார்களில் சிவப்பு ரீசெட் பொத்தானோடு வெப்பக் காப்பு இருக்கும். அதன் ஒயர்களும் மின்னழுத்தத்தைப் பொறுத்து இடம் மாறும் என்பதால், நான் சொன்னதைவிட மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் படத்தையே நம்புங்கள்.

அந்தப் படம் அழிந்து, எண்களும் போயிருந்தால், மல்டிமீட்டரால் ஓம் பார்த்துச் சோடி பிரிக்கலாம்: ஒரே அளவு காட்டும் இரண்டு சோடிகள் ஓடும் சுருளின் பாதிகள், வேறுபட்டு நிற்பது ஸ்டார்டிங் சுருள். ஆனால் எந்த முனை தலை, எது வால் என்பதை ஓம் சொல்லாது. தலைவால் தவறினால் ஒரு பாதி உண்டாக்கும் காந்தப் புலத்தை மறு பாதி அழிக்கும். மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே சில நொடிகளில் சூடேறும். நம் எலக்ட்ரீஷியன்கள் எதற்கும் சீரிஸ் லேம்ப், அதாவது தொடரில் ஒரு பல்பு, போட்டுப் பார்ப்பார்கள். இங்கே அது உதவாது. நிற்கும் மோட்டாரின் சுருள் சில ஓம்கள்தான் இருக்கும் என்பதால் இணைப்பு சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் பல்பு ஒரே மாதிரிதான் எரியும். அப்படிப்பட்ட மோட்டாரைக் காயில் கட்டுபவரிடம் கொண்டுபோய்விடுங்கள். கெப்பாசிட்டரைத் தொடும் முன் அதன் இரு முனைகளையும் ஒரு பழைய குண்டு பல்பின் வழியாக இணைத்து, தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது ஒயரின் நிறம். உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய இடம் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவில் கறுப்பு ஒயர் பேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். நம் ஊர் வயரிங்கில் சிவப்போ மஞ்சளோ நீலமோ பேஸ், கறுப்பு நியூட்ரல். உங்கள் ரம்பத்தின் கேபிளை வெட்டி நம் ஊர் 16 ஆம்பியர் பிளக்கை மாட்டித் தரச் சொன்னால், எலக்ட்ரீஷியன் பழக்கத்தின்படி கறுப்பை நியூட்ரல் முனையிலும் வெள்ளையைப் பேஸ் முனையிலும் மாட்டிவிடுவார். ரம்பம் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஒற்றை முனை ஸ்விட்ச் என்றால் அது கறுப்பு ஒயரைத்தான் துண்டிக்கிறது, அதாவது இப்போது நியூட்ரலைத் துண்டிக்கிறது. ஸ்விட்சை அணைத்துவிட்டு ரம்ப அலகைக் கழற்றும் நேரத்தில் மோட்டாரின் சுருள் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். ஆகவே கறுப்பு பேஸ் முனைக்கு, வெள்ளை நியூட்ரலுக்கு என்று நீங்களே நின்று பார்த்து மாட்டச் செய்யுங்கள். அல்லது கேபிளையே மாற்றிவிடுங்கள். பழைய கேபிளின் காப்பு பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கானது என்பதால் 230 வோல்ட்டைத் தாங்கும். ஆனால் நாளை வேறொருவர் திறந்து பார்க்கும்போது நம் நிறங்கள் இருப்பது நல்லது.

இதே காரணத்தால் ஸ்விட்ச் இரட்டை முனையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் 120 வோல்ட்டில் ஒரு ஒயர்தான் உயிருள்ளது. அங்கேயே 240-க்கு மாற்றினால் இரண்டு ஒயர்களும் பேஸ், ஒவ்வொன்றும் எர்த்துக்கு 120 வோல்ட். அதனால் அங்கே ஒரு ஒயரை மட்டும் துண்டிக்கும் ஸ்விட்சை அணைத்தாலும் மற்றொன்றில் 120 வோல்ட் நிற்கும். இங்கே ஒரு பேஸ், ஒரு நியூட்ரல் என்பதால் ஒற்றை முனையே போதும் என்று வாதிடலாம். ஆனால் நம் வீடுகளின் பிளக் பாயின்ட்டுகளைத் டெஸ்டர் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பேஸும் நியூட்ரலும் இடம் மாறிய பாயின்ட்டுகள் எத்தனை என்று. இரட்டை முனை ஸ்விட்ச் அந்தத் தவறிலிருந்தும் காக்கும்.

ஸ்விட்சின் அளவையும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் 125 வோல்ட்டுக்கு ஒன்றும் 250 வோல்ட்டுக்கு ஒன்றுமாக இரண்டு அளவுகள் பொறித்திருப்பார்கள், எச்.பி. அளவும் இருக்கும். 250 வோல்ட்டுக்கு எதிரே எதுவும் இல்லாவிட்டால் அந்த ஸ்விட்ச் உங்களுக்கு ஆகாது. வெறும் ஆம்பியர் மட்டும் பொறித்த விளக்கு ஸ்விட்சையும் போடக் கூடாது. மோட்டார் கிளம்பும்போது முழுச்சுமை ஆம்பியரைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அணைக்கும்போது சுருளில் தேங்கிய காந்த ஆற்றல் தீப்பொறியாக முனைகளில் பாயும். இரண்டையும் தாங்காத ஸ்விட்சின் முனைகள் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். அன்று சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் ரம்பம் நிற்காது.

உங்கள் ரம்பத்தில் இருப்பது காந்த ஸ்விட்ச் என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. காந்தக் காயிலால் இழுக்கப்பட்டு மூடும் கன்டாக்டரும், ஆம்பியர் மீறினால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயும் கொண்டு மோட்டாரை நேரே லைனில் இணைக்கும் நம் ஊர் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரின் அதே தத்துவம்தான். இதன் பெரிய பயன், மின்சாரம் போனால் தானாக விடுபட்டு, திரும்பி வந்தாலும் நாம் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை ஓடாமல் இருப்பது. கரண்ட் போனதும் ரம்பத்தின் மேல் கிடக்கும் மரத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நிற்பது நம் பட்டறைகளில் எல்லோருக்கும் பழக்கம். யாரும் அருகில் இல்லாமல் ரம்பம் தானே சுழலத் தொடங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எனவே இந்த வசதியை எக்காரணம் கொண்டும் இழக்காதீர்கள். ஆனால் அதன் காயில் 115 வோல்ட்டுக்கானது. 230-இல் போட்ட சில நிமிடங்களில் கருகிவிடும். அதே மாடலுக்கு 230 வோல்ட் காயில் கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காவிட்டால் முழு ஸ்விட்சையும் கழற்றிவிட்டு, உள்ளூரில் கிடைக்கும் சிங்கிள் பேஸ் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரைப் போடுவதே நல்லது.

ஓவர்லோடு ரிலே பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்கு வந்த புதிதில் இதேபோல ஒரு வெளிநாட்டு ரம்பத்தை 230-க்கு மாற்றிக் கொடுத்தேன். மோட்டார் இணைப்பு சரி, காயிலும் மாற்றியாயிற்று. ரிலேயின் திருகை மட்டும் பழைய 115 வோல்ட் ஆம்பியரிலேயே விட்டுவிட்டேன். மோட்டார் இப்போது அதில் பாதி ஆம்பியர்தான் எடுக்கும். ஆகவே அந்த ரிலே எந்தச் சுமையிலும் விழப்போவதில்லை. மழுங்கிய அலகோடு ஈரப் பூவரசு மரத்தை அறுத்த ஒரு நாளில் அந்த மோட்டார் புகைந்து போனது. உரிமையாளருக்கு நானே என் செலவில் காயில் கட்டிக் கொடுத்தேன். உங்கள் மோட்டாருக்கு அந்த ரிலே 8 ஆம்பியரில் நிற்க வேண்டும், 16-இல் அல்ல. துளைபோடும் இயந்திரத்தில் சிறு விளக்கு இருந்தால் அதுவும் 120 வோல்ட் பல்பு என்பதை நினைவில் வையுங்கள். 230-இல் அது கண் முன்னே வெடிக்கும்.

இனி 60 ஹெர்ட்ஸ். இணைப்பை மாற்றி மின்னழுத்தத்தைச் சரிசெய்யலாம். அதிர்வெண்ணை எந்த இணைப்பாலும் மாற்ற முடியாது. 60 ஹெர்ட்ஸில் 3450 சுற்று ஓடிய மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் சுமார் 2850 முதல் 2880 வரைதான் ஓடும். ரம்ப அலகும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். வேகம் குறைவது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மோட்டாரின் இரும்பில் ஏறும் காந்தப் பாயம், வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைப் பொறுத்தது. 230-ஐ 60-ஆல் வகுத்தால் 3.83; 50-ஆல் வகுத்தால் 4.6. அதாவது இருபது விழுக்காடு கூடுதல் பாயம். இரும்பு ஏற்கெனவே அது ஏற்கக்கூடிய காந்தப் பாயத்தின் எல்லையை ஒட்டி வடிவமைக்கப்பட்டிருப்பதால், இந்த இருபது விழுக்காட்டை ஏற்ற வெறும் ஓட்டத்திலேயே மோட்டார் மிக அதிக ஆம்பியர் எடுக்கும். சுமையில்லாமலே சூடாகும், உறுமும். நேம் பிளேட்டில் 50/60 என்று இருந்திருந்தால் இந்தக் கவலை இருந்திருக்காது. இதே கணக்கின்படி அந்த மோட்டார் 50 ஹெர்ட்ஸில் விரும்புவது சுமார் 192 வோல்ட். மாலையில் மின்னழுத்தம் தாழும் கிராமங்களில் இத்தகைய மோட்டார்கள் பகலைவிடக் குளிர்ச்சியாக ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஸ்டார்டிங் சுருளைத் துண்டிக்கும் மையவிலக்கு ஸ்விட்ச், 60 ஹெர்ட்ஸ் வேகத்தின் ஏறக்குறைய முக்கால் பங்கில், அதாவது 2600 சுற்றை ஒட்டித் திறக்கும்படி அமைந்தது. 50 ஹெர்ட்ஸில் மோட்டாரின் முழு வேகமே 2850 என்றால் இடைவெளி மிகக் குறுகியது. கனமான சுமையில் வேகம் தாழ்ந்தால் அந்த ஸ்விட்ச் மீண்டும் மூடி, சில நொடிகளுக்கென்று அமைந்த ஸ்டார்டிங் சுருளையும் கெப்பாசிட்டரையும் தொடர்ந்து வேலை வாங்கும்.

ஆகவே ரம்பத்துக்கு என் பரிந்துரை, பழைய மோட்டாரை எடுத்து வைத்துவிட்டு நம் ஊர் மோட்டாரைப் பொருத்துவதுதான். பெல்ட்டால் ஓடும் ரம்பம் என்பதால் இது இயலும். மோட்டார் பீடத்தை அளந்து பாருங்கள்: அமெரிக்க 56 பிரேம் (பிரேம் என்பது மோட்டார் உடலின் தர அளவு) மோட்டாரின் தண்டு ஐந்தெட்டு அங்குலம், அதாவது 15.9 மில்லிமீட்டர், தண்டின் உயரம் பீடத்திலிருந்து 88.9 மில்லிமீட்டர். நம் 80 பிரேமில் தண்டு 19 மில்லிமீட்டர், உயரம் 80; 90 பிரேமில் தண்டு 24, உயரம் 90. ஆகவே புல்லியின் துளையைக் கடைசல் பட்டறையில் பெரிதாக்கிச் சாவிக்காடி வெட்ட வேண்டும்; பீடத்தில் புதுத் துளைகள் போட வேண்டும்.

செலவு செய்ய மனமிருந்தால் இன்னும் நல்ல வழி, 1.5 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டாரும், சிங்கிள் பேஸ் வாங்கி, அதிர்வெண்ணையும் மாற்றி த்ரீ பேஸ் தரும் வி.எஃப்.டி. என்ற மின்னணுக் கருவியும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 230 வோல்ட் உள்ளே போனால் அந்த வி.எஃப்.டி. தருவது மூன்று பேஸுக்கு இடையே 230 வோல்ட் மட்டுமே, 415 தராது. நம் சந்தையில் கிடைக்கும் சிறு மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில், அதாவது மூன்று சுருள்களின் ஒரு பக்க முனைகளை ஒன்றாக முடிந்து, கட்டப்பட்டவை. அதே மோட்டாரை டெல்டாவில், அதாவது மூன்று சுருள்களையும் முக்கோணமாகத் தொடுத்துப் போட்டால் 415-ஐ 1.732-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறத்தாழ 240 வோல்ட் அதற்குப் போதும். டெர்மினல் பாக்ஸில் ஆறு முனைகள் இருந்தால் பித்தளைத் தகடுகளை இடம் மாற்றினாலே டெல்டா ஆகிவிடும். மூன்று ஒயர்கள் மட்டும் வெளியே வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு உள்ளே கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். காயில் கட்டுபவர் அதைப் பிரித்து ஆறு முனைகளாக வெளியே எடுத்துத் தர வேண்டும். வாங்கும்போதே மூடியைத் திறந்து பாருங்கள். இந்த அமைப்பில் வி.எஃப்.டி.யை 60 ஹெர்ட்ஸில் வைத்தால் 2880 சுற்று மோட்டார் பழைய 3450-ஐத் தொடும். அலகும் தன் பழைய வேகத்தில் அறுக்கும். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் இடையில் எந்த ஸ்விட்சும் ஸ்டார்ட்டரும் வரக் கூடாது. ஓடும்போது அதைத் துண்டித்தால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் போய்விடும். பச்சை, சிவப்புப் பொத்தான்களை அதன் கட்டுப்பாட்டு முனைகளில் மூன்று ஒயர் முறையில் இணைத்து, மின்சாரம் வந்ததும் தானே கிளம்பும் அமைப்பை அணைத்து வையுங்கள்.

மேசை டிரில் 115 வோல்ட் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் அரை எச்.பி. மோட்டாருக்காக டிரான்ஸ்பார்மர் வாங்குவது வீண். 1440 சுற்று ஓடும் உள்ளூர் அரை எச்.பி. மோட்டார் எளிதில் கிடைக்கும். படிப் புல்லி இருப்பதால் வேகக் குறைவையும் ஒரு படி மேலே பெல்ட்டை மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம்.

ரூட்டர் வேறு இனம். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாருக்கு 50, 60 என்ற வேறுபாடு பொருட்டே இல்லை. நேர் மின்சாரத்தில்கூட அது சுழலும். ஆனால் 120 வோல்ட் ரூட்டரை 230-இல் செருகினால் அலறிக்கொண்டு வேகமெடுத்துச் சில நொடிகளில் எரிந்துவிடும். இதற்கு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர்தான் வழி. 12 ஆம்பியர் ரூட்டர் 120 வோல்ட்டில் 1440 வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு) எடுக்கிறது, 2000 வி.ஏ.க்குக் குறையாமல் வாங்குங்கள். கைக்கடக்கமாக, எடையே இல்லாமல், 1500 வாட் என்று எழுதி விற்கப்படும் மாற்றிகள் தைரிஸ்டரால் அலையை வெட்டுபவை; இஸ்திரிப்பெட்டி போன்ற சூடேற்றும் கருவிகளுக்கு மட்டுமே ஆகும். டிரான்ஸ்பார்மரிலும் ஒரே சுருளில் முனை எடுத்த ஆட்டோ வகை விலை குறைவு. ஆனால் அதன் பொது முனை அறுந்தால் வெளியே முழு 230 வோல்ட்டும் வரும். இரண்டு தனிச் சுருள்கள் கொண்டதை வாங்குங்கள். பிரிட்டனில் கட்டுமான இடங்களில் மஞ்சள் பெட்டியாக வைத்திருக்கும் 110 வோல்ட் டிரான்ஸ்பார்மர், வெளியீட்டுச் சுருளின் நடுப்புள்ளியை எர்த்தில் இணைத்து, எந்த ஒயரைத் தொட்டாலும் 55 வோல்ட்டுக்கு மேல் உடலில் ஏறாதபடி செய்யப்பட்டது. கையில் பிடித்து வேலை செய்யும் கருவிக்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது.

சார்ஜரின் அடியில் 100-240 என்று இருந்தால் நேரே செருகலாம். 120 மட்டும் என்றால் அதே பேட்டரிக்கு உரிய 230 வோல்ட் சார்ஜரை இங்கே வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரியும் டிரில்லும் எந்த நாட்டு மின்சாரத்தையும் அறியாதவை.

சுவர்ப் பக்கத்தில், ரம்பத்துக்கென்று தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்து, 16 ஆம்பியர் பாயின்ட்டும், கிளம்பும் ஆம்பியரைத் தாங்கும் சி வகை எம்.சி.பி.யும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள். வி.எஃப்.டி. போட்டால் அதன் இயல்பான கசிவால் ஆர்.சி.சி.பி. அவ்வப்போது விழக்கூடும், அதற்காக எர்த்தைக் கழற்றிவிடும் வேலையை யாரையும் செய்ய விடாதீர்கள். எல்லாம் முடிந்ததும் காப்பின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் சுருளுக்கும் உடலுக்கும் இடையே பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மின்சாரம் கொடுக்க வேண்டாம், கப்பலில் வந்த ஈரம் உள்ளே இருக்கும். பிறகு பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட விட்டு, கிளாம்ப் மீட்டரால் ஆம்பியரை எடுத்து, அரை மணி நேரம் கழித்து உடலில் கை வைக்க முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, நீங்கள் செய்த இணைப்பையும், ரிலே நிற்கும் ஆம்பியரையும், தேதியையும் ஒரு தாளில் எழுதி டெர்மினல் பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் வேறொருவராக இருக்கக்கூடும்.